கோல்ஃப் குழிகளைச் சுற்றியுள்ள கிரீன் புல்தரைகளில் துளையிட்டிருந்ததைச் சொல்லாமல் முழுக் கட்டணம் வாங்கியது குறித்துப் புகார்

பெறுநர்:
பொது மேலாளர்,
உல்லாச விடுதி மற்றும் கோல்ஃப் திடல்,
பகாங்.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த சனிக்கிழமை காலை 7.40 மணி ஆட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே நான்கு பேருக்குப் பதிவு செய்து, பக்கி வண்டி வாடகையும் சேர்த்து 1,280 ரிங்கிட் செலுத்தி, கோலாலம்பூரிலிருந்து விடியுமுன் புறப்பட்டு உங்கள் திடலுக்கு வந்தோம். காட்டின் நடுவே ஒரு முறையாவது ஆட வேண்டும் என்பது என் மாமாவின் நெடுநாள் ஆசை. அவருக்கு 60 வயது நிறைந்ததை ஒட்டியே இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தேன்.

முதல் கிரீனில் கால் வைத்தபோதுதான் நிலைமை தெரிந்தது. புல்தரை முழுவதும் விரல் நுனி அகலத்தில் வரிசை வரிசையாகத் துளைகள். அவற்றின் மேல் ஈர மணல். மாமா இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து தட்டிய பந்து ஒரு துளையின் விளிம்பில் துள்ளி, மணல் ஒட்டிக்கொண்டு, குழிக்கு ஒரு சாண் முன்பே விலகி நின்றுவிட்டது. பதினெட்டு கிரீன்களிலும் இதே கதைதான். பராமரிப்புக்காக இட்ட துளைகளை ஆட்டக்காரர் சரிசெய்துகொள்ள கோல்ஃப் விதிகளிலும் இடமில்லை.

துளையிடுவதை நான் குறை கூறவில்லை. இறுகிய மண் தளர்ந்து வேர்களுக்குக் காற்றும் நீரும் சேர இது தேவை என்பதை அறிவேன். காட்டை ஒட்டிய கிரீன்களில் வெயிலும் காற்றோட்டமும் குறைவு என்பதால் புல் மூடிக்கொள்ளக் கூடுதல் நாளாகும் என்பதும் தெரியும். ஏழாவது கிரீனில் பத்து மணிக்கும் மர நிழல் விலகவில்லை. அதற்காக ஒரு கிளையைக்கூட வெட்டச் சொல்ல மாட்டேன். பன்னிரண்டாவது டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், நின்றபோது தலைக்கு மேல் ஓர் இருவாட்சி பறந்தது. அதன் சிறகோசையைக் கேட்டு நாங்கள் நால்வரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தோம்.

என் புகார் ஒன்றே ஒன்றுதான்: எங்களிடம் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை செய்த இந்த வேலைக்குப் பல வாரங்களுக்கு முன்பே நாள் குறித்துவிட்டதாக உங்கள் திடல் மேற்பார்வையாளரே கூறினார். அப்படியிருந்தும் பதிவின்போதோ, முந்தைய நாள் உறுதிசெய்ய நான் தொலைபேசியில் அழைத்தபோதோ, காலையில் முகப்பில் பெயர் கொடுத்தபோதோ ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் மூன்று வாரம் தள்ளி வந்திருப்போம். ஆட்டம் முடிந்து கேட்டபோது, "எல்லாத் திடலிலும் இது வழக்கம்தானே" என்ற பதிலே கிடைத்தது. வேலை வழக்கமானதாக இருக்கலாம். அதை மறைத்து முழுக் கட்டணம் வாங்குவதை வழக்கம் என்று என்னால் ஏற்க முடியாது.

ஆகவே, செலுத்திய தொகையில் பாதியான 640 ரிங்கிட்டைத் திருப்பித் தரும்படியும், இனி துளையிடும் தேதிகளைப் பதிவுப் பக்கத்தில் வெளியிட்டு, ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்கு நேரடியாகத் தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். 14 நாள்களுக்குள் பதில் வராவிட்டால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தீர்ப்பாயத்தில் மனுச் செய்வேன். கட்டண ரசீதையும், முதல் மற்றும் ஏழாவது கிரீன்களின் படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்