ஓட்டம் முடிந்த குதிரை எங்கே போகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்தது, 160 ஏக்கர், 730 கோடி ரூபாய் வாடகை பாக்கி என்று எல்லாம் விரிவாக இருந்தன. குதிரையைப் பற்றி ஒரு வரி இல்லை.

என் அப்பா ஒரு பந்தய லாயத்தில் முப்பது வருடம் குதிரைக்காரராக இருந்தவர். மூன்றரை மணிக்கே எழுந்து போவார். தீனி வைக்குமுன் கீழே உட்கார்ந்து, குதிரையின் நாலு காலையும் முழங்காலிலிருந்து குளம்புவரை தடவிப் பார்ப்பார். நரம்பில் சூடு தெரிந்தால், இன்று ஓட்ட வேண்டாம் என்று போய்ச் சொல்வார். சில நாள் கேட்பார்கள், சில நாள் கேட்க மாட்டார்கள். அக்காவுக்கு வரன் பார்த்தபோது, "அப்பா ரேஸ்ல இருக்காராமே" என்று இரண்டு வீட்டார் ஒதுங்கிக்கொண்டார்கள். பந்தயத்தில் ஒரு ரூபாய் கட்டாத மனிதர் அவர்.

ரேஸால் குடும்பங்கள் அழிந்தது உண்மை. 1974-ல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத் தடைச் சட்டம் வந்ததும் அதனால்தான். 1996-ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. இத்தனை வருட வழக்கிலும் வாதத்திலும் பணம் கட்டுகிறவனைப் பற்றித்தான் பேசினோம். எலும்பு முழுதாக முற்றுமுன், இரண்டு மூன்று வயதில் ஓடத் தொடங்கும் பிராணி அது. இருபத்தைந்து வருடம் வாழக்கூடியது. பெரும்பாலும் பத்து வயதுக்குள் ஓட்டம் நின்றுவிடும். மிச்ச வருடங்கள் யார் பொறுப்பு?

அப்பா வளர்த்த செவலைக் குதிரை ஒன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ளது, முன்னங்கால் நரம்பு அறுந்ததும் விற்கப்பட்டது. நாலு வருடம் கழித்து மெரினாவில் பார்த்தோம். விலா எலும்பு தெரிய, பிள்ளைகளைச் சுமந்து நின்றது. அப்பா மணலில் உட்கார்ந்து முதலில் அந்தக் காலைத்தான் தடவினார். சூடாக இருந்தது.

ஓட்டம் முடிந்த ஒவ்வொரு குதிரையும் யாரிடம் போகிறது என்று அதன் கடைசி நாள்வரை பதிவு வேண்டும். பந்தயப் பணத்தில் ஒரு பங்கு அவற்றின் தீனிக்கும் வைத்தியத்துக்கும் போக வேண்டும். நார்வே 1982-லேயே சாட்டையடியைத் தடை செய்தது, நாமும் செய்யலாம்.

அடுத்த முறை இந்த நிலத்தைப் பற்றி எழுதும்போது, லாயத்தில் எத்தனை குதிரைகள் நிற்கின்றன, அவற்றை எங்கே அனுப்பப் போகிறார்கள் என்று தங்கள் செய்தியாளர் நேரில் போய்க் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
வேளச்சேரி, சென்னை.