சீகன்பால்கு ஐயரின் பக்கத்து ஊர்க்காரர்கள்

கிடிங்ஸ், டெக்சஸ்
அக்டோபர் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே நான், அவர், சின்னவன் மூவரும் சுகம். அம்மாவின் முட்டிவலிக்கு அந்த எண்ணெய் கேட்கிறதா? போனில் பேசினால் உங்களுக்குப் பாதி காதில் விழுவதில்லை, மீதியை அம்மா தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்கிறாள். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

"பட்டணத்தை விட்டு அந்தக் காட்டுக்குள் போய் வீடு பிடித்திருக்கிறாயே, பக்கத்தில் கோயில் உண்டா? நம்ம சபையா, வேறா?" என்று போன தடவை கேட்டீர்கள். உண்டு அப்பா. அதுவும் எப்படிப்பட்ட கோயில் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

கிடிங்ஸ் சின்ன ஊர். ஆஸ்டினிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் வந்துவிடலாம். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கு வீட்டிலிருந்து நடந்தே போகிறேன். ஊரைத் தாண்டித் தென்மேற்கே பத்து கிலோமீட்டர் போனால் செர்பின். அதை ஊர் என்று சொல்வதா என்று தெரியவில்லை. மாடு மேயும் வெளி, மணல் பூமி, குட்டை ஓக் மரங்கள், நடுவில் ஒரு கோயில், பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டம், ஒரு மியூசியம். கடைத்தெரு கிடையாது. அந்தக் கோயில்தான் பரிசுத்த பவுல் லுத்தரன் கோயில். அதன் சபையார் 1854-ல் கப்பலேறி வந்த 'வெண்டு'களின் பிள்ளைகள்.

வெண்டு என்றால் ஜெர்மனிக்காரர்களா என்று கேட்பீர்கள். ஜெர்மனிக்குள் இருந்தவர்கள், ஆனால் ஜெர்மானியர் இல்லை. போலிஷ், செக் மாதிரி ஸ்லாவ் மொழி பேசுகிறவர்கள். வெண்டு என்பது ஜெர்மானியர் வைத்த பெயர்; அவர்கள் தங்களைச் 'செர்ப்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள், இந்த ஊர்ப் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். அவர்கள் நாடு லௌசிட்ஸ். பெரிய ஊர் பவுட்ஸன். இப்போது நிமிர்ந்து உட்காருங்கள்: அந்த லௌசிட்ஸில்தான் பூல்ஸ்நிட்ஸ் இருக்கிறது. தரங்கம்பாடிக்கு வந்த முதல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் 1682-ல் பிறந்த பூல்ஸ்நிட்ஸ்! பவுட்ஸனுக்கும் அதற்கும் மயிலாடுதுறை–கும்பகோணம் தூரம்தான் இருக்கும். தரங்கம்பாடியில் பலிபீடத்துக்கு முன்னால் அடக்கமாகியிருக்கிற நம்ம ஐயரின் பக்கத்து ஊர்க்காரர்கள் வீட்டில் நான் குடிவந்திருக்கிறேன்.

இவர்கள் ஏன் வந்தார்கள் என்பது உங்களுக்குப் பிடித்த விஷயம். 1815-க்குப் பிறகு லௌசிட்ஸில் ஒரு பெரும்பங்கு சாக்சனியிடமிருந்து பிரஷ்யாவுக்குக் கைமாறியது; இரண்டும் அந்தக் காலத்து ஜெர்மன் ராஜ்யங்கள். பிரஷ்ய ராஜா 1817-ல் லுத்தரன் சபையையும் சீர்திருத்த சபையையும் ஒன்றாகச் சேர்க்கச் சொன்னார். பின்னால் வழிபாட்டு முறையும் எல்லோருக்கும் ஒன்றே என்றாயிற்று. சீர்திருத்த சபைக்குத் திருவிருந்தில் அப்பம் ஓர் அடையாளம். லுத்தரனுக்கு அது கிறிஸ்துவின் மெய்யான சரீரம். நீங்கள் திடப்படுத்தல் வகுப்பில் எங்களை முட்டி போட வைத்துச் சொல்லிக்கொடுத்தீர்களே, அதே சண்டை. ஒத்துக்கொள்ளாத பழைய லுத்தரன்கள் 1854-ல் கூடி யான் கிலியன் என்ற ஐயரைத் தங்கள் போதகராகத் தெரிந்தெடுத்து, சபையாகவே புறப்பட்டார்கள். தனித்தனிக் குடும்பமாக இல்லை. ஐயரோடு, கோயில் மணியோடு.

எல்லாமே விசுவாசத்துக்காகத்தான் என்று மியூசியத்தில் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு முழுசாக நம்பிக்கையில்லை. நிலம் குறைவு, வரி அதிகம், பள்ளியிலும் அலுவலகத்திலும் ஜெர்மன் பேசு என்ற நெருக்கடி. வயிறும் ஒரு காரணம்தான். நான் மட்டும் என்ன, ஊழியம் செய்யவா விமானம் ஏறினேன்?

500 பேருக்கும் மேல் ஹாம்பர்க் வழியாக லிவர்பூல் வந்து 'பென் நெவிஸ்' என்ற பாய்மரக் கப்பலில் ஏறினார்கள். லிவர்பூலிலேயே காலரா பிடித்துவிட்டது. அயர்லாந்துக் கரையில் கப்பலை நிறுத்தி, எல்லோரையும் இறக்கிப் புகைபோட்டுச் சுத்தம் செய்து மறுபடி ஏற்றினார்கள். டிசம்பரில் கால்வெஸ்டன் துறைமுகத்தில் கால் வைப்பதற்குள் 70 பேருக்கும் மேல் போய்விட்டார்கள். வந்த இடத்தில் மஞ்சள் காய்ச்சல் காத்திருந்தது. மிச்சமிருந்தவர்கள் மாட்டுவண்டி கட்டி உள்நாட்டுக்கு நடந்து, ஏக்கர் ஒரு டாலர் என்று 4,000 ஏக்கருக்கும் மேல் வாங்கினார்கள். அதில் 95 ஏக்கரைக் கோயிலுக்கும் பள்ளிக்கும் முதலிலேயே ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதைப் பங்கு போட்டார்கள். மண் ஒன்றும் நம்ம காவிரி மண் இல்லை அப்பா. கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகிவிடும்.

இப்போது நிற்கிற கல் கோயில் 1871-ல் பிரதிஷ்டையானது. வெளியே பார்த்தால் சாதாரணம். உள்ளே நுழைந்ததும் நான் வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். கூரை முழுக்க வெளிர் நீலம். தூண்களெல்லாம் மரம்தான், ஆனால் சலவைக்கல் என்று நினைக்கும்படி வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் மாடி. பிரசங்க பீடமோ கீழே இல்லை, அந்த மாடி உயரத்தில், ஏறக்குறைய 20 அடி மேலே தொங்குகிற மாதிரி இருக்கிறது. ஏன் தெரியுமா? ஆண்கள் மாடியில் உட்காருவார்களாம், பெண்களும் பிள்ளைகளும் கீழே. ஐயர் ஆண்களுக்கு நேருக்கு நேர் பிரசங்கிப்பார். பெண்கள் அண்ணாந்து கேட்க வேண்டும். கால் மணி நேரம் பார்த்ததற்கே எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்துப் பிரசங்கம் அவ்வளவில் முடிந்திருக்குமா?

இப்போது யாரும் எங்கும் உட்காரலாம். சிரித்துக்கொண்டே இதை எழுதினாலும், நம்ம கோயிலிலும் யார் எந்தப் பக்கம் உட்காருவது என்று ஒரு காலம் இருந்ததே, அது நினைவுக்கு வந்தது. இங்கே ஆண் பெண் கணக்கு. நம்மிடம் இருந்தது அதைவிடக் கசப்பான கணக்கு. தாத்தா அதைப் பற்றி வாய் திறந்ததேயில்லை. நீங்களாவது ஒருநாள் எழுதுங்கள்.

சண்டைக்கும் குறைவில்லை, அதனால் சொந்தச் சபை மாதிரியே இருக்கிறது. 1858-ல் வீட்டு ஜெபக்கூட்டம் வேண்டும் என்று ஒரு கூட்டம் பிரிந்து போனது. 1870-ல் மறுபடி பிரிவு. ஆராதனை வெண்டிஷ் மொழியிலா ஜெர்மனிலா என்பது அதில் பெரிய விவகாரம். பரிசுத்த பேதுரு என்று பக்கத்திலேயே இன்னொரு கோயில் வைத்து, 1914-ல்தான் திரும்பச் சேர்ந்தார்கள். யோசித்துப் பாருங்கள், ஜெர்மானிய ராஜாவின் அதிகாரத்துக்குத் தப்பிக் கடல் தாண்டி வந்தவர்கள், இங்கே வந்து தாங்களாகவே ஜெர்மனுக்கு மாறினார்கள். அக்கம்பக்கத்துக் குடியேறிகள் எல்லாம் ஜெர்மானியர். கல்யாணம், வியாபாரம் எல்லாம் அவர்களோடு. கிலியன் ஐயர் இரண்டு மொழியிலும் ஆராதனை நடத்தி, வெண்டிஷில் பாட்டு எழுதி, தன்னால் ஆன மட்டும் பிடித்து நிறுத்தப் பார்த்தார். 1884-ல் இறந்தார். அவர் மகன் ஹெர்மன் அதே பீடத்தில் ஏறினார். 1920-ல் மகனும் இறந்த பிறகு வெண்டிஷ் ஆராதனை நின்றுபோயிற்று. பின்னால் ஜெர்மனும் போய், இன்று எல்லாம் இங்கிலீஷ்.

கல்லறைத் தோட்டத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பழைய கல்லில் வெண்டிஷ் எழுத்து, தலைக்கு மேலே கொக்கி கொக்கியாக. அடுத்த தலைமுறைக் கல்லில் ஜெர்மன். அதற்கும் அடுத்ததில் இங்கிலீஷ். சின்னவன் ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்துவிட்டு, அவன் படிக்கத் தெரிந்த கல் வந்ததும் சத்தமாக வாசித்தான். அவனுக்கு அ, ஆ முடிந்து இப்போது க வரிசை. 'ங'வில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். 'ங'வில் எந்த வார்த்தை ஆரம்பிக்கும் என்று கேட்கிறான், நான் என்ன சொல்ல?

போன மாதம் நாலாவது ஞாயிறு வெண்டிஷ் திருவிழா. வருஷா வருஷம் நடக்கும். ஆராதனையில் ஒரு லுத்தர் பாட்டின் ராகத்தை ஆர்கனில் எடுத்ததும் என் வாயில் தமிழ் வரிதான் வந்தது. மெதுவாகத்தான் பாடினேன், முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மியூசியத்தில் ஒரு கல்யாண உடை, கறுப்பு. பழைய நாளில் வெண்டு மணப்பெண் கறுப்பில்தான் கோயிலுக்குப் போவாளாம். அம்மாவிடம் இதைச் சொல்லாதீர்கள், அபசகுனம் என்று ஆரம்பித்துவிடுவாள்.

மத்தியானச் சாப்பாட்டில் வெண்டிஷ் நூடுல்ஸ். மைதாவும் முட்டையும் மட்டும் போட்டுக் கெட்டியாகப் பிசைந்து, அப்பளத்தைவிட மெல்லிசாக விரித்து, துணியில் ஈரம் போகக் காயவைக்கிறார்கள். ரொம்பக் காய்ந்தால் ஒடியும், காயாவிட்டால் ஒட்டும். பிறகு சுருட்டி, சேமியா மாதிரி நறுக்கி, கோழி வேகவைத்த சாற்றில் போட்டு, சாறு முழுக்க உள்ளே இழுத்ததும் வெண்ணெய் போட்டு இறக்குகிறார்கள். மிளகாய் வாசனையே கிடையாது. நான் பையிலிருந்து மிளகுப்பொடியை எடுத்தது நிஜம்.

இல்லத்தில் நான் பார்த்துக்கொள்கிற ஒரு பாட்டி, தொண்ணூறு தாண்டியவர், பாக்கெட் நூடுல்ஸைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்கு நான் ஒரு டப்பாவில் கொண்டுபோனேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "தண்ணீர் சேர்த்திருக்கிறார்கள்" என்றார். அவருடைய பாட்டி வெண்டிஷில் சொல்லித்தந்த பரமண்டல ஜெபம் மட்டும் அவருக்கு நினைவிருக்கிறது. அர்த்தம் வரி வரியாகத் தெரியாது, ஒரே மூச்சில் வந்தால்தான் வரும். நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்குவார். ஒருநாள் என்னிடம், "உங்களை எப்போது லுத்தரன் ஆக்கினார்கள்?" என்று கேட்டார். 1706-ல் ஐயர் கரையிறங்கினார், 1718-ல் புது எருசலேம் கோயில் கட்டினார் என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "நாங்கள் கப்பலேறுவதற்கு 148 வருஷம் முன்னாலேயா?" என்றார். அன்றிலிருந்து எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது.

நான் ஞாயிறு தோறும் போவது கிடிங்ஸ் பக்கத்தில் வேறொரு லுத்தரன் கோயில். இங்கே திருவிருந்துக்கு முன்னால் புதியவர்களை போதகர் கூப்பிட்டுப் பேசுவார். என்னிடம் என்ன ஞானோபதேசம் (கேள்வி-பதிலாக வரும் விசுவாசப் பாடம்) படித்தாய் என்று கேட்டார். லுத்தரின் சிறிய ஞானோபதேசம் என்றேன். பத்துக் கட்டளைகளில் முதல் கற்பனையைச் சொல்லச் சொன்னார். இங்கிலீஷில் தேடுவதற்குள், "இதற்கு அர்த்தமென்ன?" என்று உங்கள் குரலில் தமிழ் வந்துவிட்டது, முழுப் பதிலோடு. அவர் ஒன்றும் புரியாமல் கடைசிவரை கேட்டுவிட்டு, சரி என்றார். இவர்கள் மிசௌரி சினாடு என்ற அமெரிக்க லுத்தரன் சபைப் பிரிவு. ஆம்பூர், நாகர்கோவில் பக்கத்து லுத்தரன் சபைகள் இவர்கள் வழி வந்தவைதான். ஜெர்மனியின் லைப்சிக் லுத்தரன் மிஷனோடு கொள்கைச் சண்டை போட்டு விலகிய மிஷனரிகள் 1895 வாக்கில் இவர்களிடம் வந்து ஆரம்பித்தது. நாம் லைப்சிக் வழி என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. கேட்டால் சொல்வேன்.

ஒரு வேலை செய்யுங்கள் அப்பா. அலமாரியில் இருக்கிற தாத்தாவின் ஞானப்பாட்டுப் புத்தகம், முதுகு பிய்ந்தது, அதை மயிலாடுதுறையில் நல்ல ஆளாகப் பார்த்து பைண்டிங் போடக் கொடுங்கள். ஓரம் வெட்ட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், தாத்தா பென்சிலில் எழுதியிருப்பது ஓரத்தில்தான் இருக்கிறது. தபாலில் அனுப்ப வேண்டாம். ஜனவரியில் வரும்போது நானே எடுத்துக்கொள்கிறேன். பணம் என் வீட்டுக்காரர் அக்கவுண்டிலிருந்து வரும், நீங்கள் கையிலிருந்து போடாதீர்கள்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்