ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சமூகநீதி, சம உரிமை பற்றி மாதம் ஒரு ஞாயிறு என்று நடந்துவந்த பேச்சுத் தொடர் சென்ற மாதம் நிறைவடைந்தது. செப்டம்பர் 17 சமூகநீதி நாளை ஒட்டித் தொடங்கி, ஏப்ரல் 14 சமத்துவ நாளை ஒட்டி முடித்தோம். பேச வந்தவர்களுக்கு மேடையிலேயே துண்டு போர்த்திப் புத்தகம் கொடுத்தாயிற்று. போட்டோவிலும் அவர்கள் இருக்கிறார்கள். போட்டோவுக்குள் வராத மற்றவர்களுக்காகத்தான் வாசகர் வட்டத்தின் சார்பில் இந்த மடல்.

முதலில், தனக்கே தெரியாமல் உதவி செய்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் நன்றி. நீங்கள் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகப் போகிறது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் விடாமல் வலியுறுத்தி, 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் 'நாங்கள் எங்கே வரி கட்டினோம்' என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்காரர் அதையும் சேர்த்துத்தான் வாடகை வாங்குகிறார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊரில் நூறு பேர் உட்காரக்கூடிய மண்டபம் எதை எடுத்தாலும் ஏதாவது ஒரு சாதிச் சங்கத்தின் பெயரில்தான் இருக்கிறது. அந்த வாசலில் பேனர் கட்டிவிட்டுச் சமூகநீதி பேசினால் பாதிப் பேர் தெருமுனையிலேயே திரும்பிவிடுவார்கள். யார் வேண்டுமானாலும், யாரையும் கேட்காமல் உள்ளே வரலாம் என்ற இடம் எங்களுக்கு நூலகம் ஒன்றுதான்.

அந்த இடத்தை எங்களுக்குத் திறந்து வைத்த நூலகருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நூல் வழங்குவதிலிருந்து பெருக்குவது வரை அவர் ஒருவர்தான். கூட்ட நாளில் அலமாரிகளைச் சுவரோரம் தள்ளி நாற்காலி போடுவதும் அவர்தான். சாதியைப் பற்றிக் கூட்டம் போடுகிறார் என்று அவர்மேல் யாரோ மேலிடத்துக்கு மொட்டைக் கடிதம் எழுத, அவர் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. விளக்கம் போனதும், கூட்டம் நடத்தலாம் என்று எழுத்திலேயே அனுமதி வந்துவிட்டது. அதுவரை வாய்ச்சொல்லில்தான் நடத்திக்கொண்டிருந்தோம். ஆகவே அந்தக் கடிதம் எழுதியவருக்கும் ஒரு நன்றி, அவர் யாராக இருந்தாலும்.

மாலையில் செய்தித்தாள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் அன்றைக்கு மட்டும் இடத்தை விட்டுக் கொடுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தார்கள். ஆனால் அப்புறம் முன்வரிசையில் முதலில் வந்து உட்கார்ந்தவர்களும் அவர்கள்தான்.

அடுத்து, கட்டடத் தொழிலாளர்கள். நூலக வாசலில் மூன்று படி உண்டு, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிப் பேச வர ஒப்புக்கொண்டவர் சக்கர நாற்காலியில் வருபவர். 'நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்' என்று போனில் சொன்னோம். 'உரிமையைப் பற்றிப் பேசத் தூக்கிக்கொண்டு போகிறீர்களா? கூட்டத்தைத் தள்ளிப் போடுங்கள்' என்றார். உடனே கொத்தனாரைக் கூப்பிட்டோம். பைக் ஏற்றுவதற்குப் போடுகிற மாதிரி நாலடியில் ஒரு சரிவு போட்டால் போதும் என்று அவர் நினைத்தார். ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது அளவு. ஒன்றரை அடி ஏற 18 அடி. வாசலுக்கும் மதிலுக்கும் நடுவே அவ்வளவு இடம் ஏது? கொத்தனார் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்து, பாதியில் ஒரு சமதளம் விட்டுத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கைப்பிடிக் கம்பியைப் பட்டறைக்காரர் தன் செலவில் வைத்துத் தந்தார். கொத்தனாரும் சித்தாள்களும் ஒருநாள் கூலியை வாங்கவில்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 ஆயின, அரசு வேலையில் இடஒதுக்கீடு 3 விழுக்காட்டிலிருந்து 4 ஆனது என்றெல்லாம் அன்றைக்குக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். இப்போது அந்தச் சாய்தளத்தை அதிகம் பயன்படுத்துவது மூட்டுவலிக்காரர்கள்தான்.

முதல் கூட்டத்தில், சாதி, மத வாரியாக இடம் ஒதுக்கிய வகுப்புரிமை ஆணையின் கதை. 1921-இல் நீதிக்கட்சி ஆட்சியில் பிறந்து, 1928-இல் முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது நடைமுறைக்கு வந்து, 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தால் செல்லாமல் போய், அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தமாக, பின்தங்கியவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் 15(4) என்ற பிரிவு வரக் காரணமானது வரைக்கும் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் சொன்னார். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்தார். 'இடஒதுக்கீடு பத்து வருஷம்தான் என்று அம்பேத்கரே சொன்னாராமே, இன்னும் ஏன் சார்?' என்றார். அரங்கில் சிலர் முகம் சுளித்தார்கள். பேராசிரியர் சுளிக்கவில்லை. அந்தப் பத்தாண்டு வரம்பு 334-ஆம் பிரிவில் இருக்கிறது. அது சட்டமன்ற, நாடாளுமன்றத் தனித் தொகுதிகளுக்கு மட்டும். படிப்புக்கும் வேலைக்கும் அப்படி ஒரு கெடு எழுதப்படவே இல்லை என்று சொல்லி, மேசையிலிருந்த தமிழ் அரசியலமைப்புப் புத்தகத்தை அந்தத் தம்பி கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொன்னார். அந்தக் கேள்வி ஊரில் பலர் மனத்தில் இருப்பதுதான். எழுந்து நின்று கேட்ட தம்பிக்கு நன்றி. அவர் அதற்குப் பிறகும் வந்தார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

பெண்களின் சொத்துரிமை பற்றிய கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாலை ஆறு மணி என்றால் பெண்கள் வர முடியாது, மூன்று மணிக்கு வையுங்கள் என்று மகளிர் சுயஉதவிக் குழுவினர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். வைத்தோம். நாற்காலி போதவில்லை. கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரலாம், பெயர் எழுத வேண்டாம் என்ற யோசனை ஒரு கல்லூரி மாணவியுடையது. எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு கேட்டு எழுதிக் கொடுத்ததும் அவர்தான். அண்ணன் தம்பிக்குத் தெரிந்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும் இடத்தில் எந்தப் பெண் எழுந்து பாகப்பிரிவினை பற்றிக் கேட்பாள்? சீட்டுகள் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய வந்தன.

பேசிய வழக்கறிஞர் அம்மா 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுத் தீர்மானத்தில் தொடங்கினார். பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை என்ற அந்தத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக 1989 ஆயிற்று, 60 ஆண்டு. அதிலும் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்குப் பூர்விகச் சொத்தில் பங்கு இல்லை. ஒரே வீட்டில் தங்கைக்கு உண்டு, அக்காவுக்குக் கிடையாது. ஒரு சீட்டில் ஓர் அக்கா அதைத்தான் கேட்டிருந்தார். 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்தக் கல்யாணக் கணக்கு போய்விட்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பத்திரம் பதிந்து பிரித்த சொத்தைத் திரும்பக் கிளற முடியாது என்று விளக்கினார். 'தம்பி கையெழுத்துப் போடச் சொன்னான், போட்டுவிட்டேன்' என்று பல சீட்டுகள். பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டால் ஏமாற்றியதை நிரூபித்தால்தான் ரத்து செய்ய முடியும், அதற்கும் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் கெடு, எதற்கும் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள் என்றார்.

கடைசிச் சீட்டு இது: 'பங்கு கேட்டால் அம்மா வீட்டுப் படி மிதிக்க முடியாது, சீர் வராது. அதற்கு என்ன சட்டம்?' வழக்கறிஞர், அதற்குச் சட்டம் இல்லையே அம்மா என்றார். பின்னாலிருந்து ஒரு பாட்டி சத்தமாக, 'ஆடிச் சீரும் பொங்கச் சீரும் ஆயுசுக்கும் கூட்டிப் பாத்தாலும் ரெண்டு குழி நெலம் தேறுமாடி?' என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தொடர் முழுவதிலும் கைதட்டல் அதிகம் வாங்கியது அந்தப் பாட்டிதான். அவருக்கு எங்கள் வணக்கம்.

தூய்மைப் பணியாளர் உரிமை பற்றிப் பேச வந்த ஆய்வாளர் தனக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியை விட்டுக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு பேசியவர் எங்கள் ஊரில் ஒப்பந்தத் தூய்மைப் பணி செய்து ஓய்ந்த ஐயா ஒருவர். மலக்குழியில் மனிதரை இறக்கத் தடை விதிக்கும் சட்டம் 2013-இல் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023-இல் அதை 30 லட்சமாக்கியது என்று ஆய்வாளர் சொல்லி முடித்திருந்தார். ஐயா மைக்கைப் பிடித்து, '2013-க்கு அப்புறமும் நான் எறங்கியிருக்கேன். வேலை கொடுத்தவருக்குச் சட்டம் தெரியும்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியுது' என்றார். அப்புறம் எப்படி இறங்குவார்கள், தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பார்ப்பது எதற்கு, இடுப்புக் கயிற்றை யார் பிடிப்பார்கள் என்று வரிசையாகச் சொன்னார். கேள்வி நேரத்தில் யாருக்கும் கேள்வி வரவில்லை.

திருநங்கையர் உரிமை பற்றிய கூட்டத்துக்கு முதல் நாள் போஸ்டரைக் கிழித்துவிட்டார்கள். ஆட்டோ ஸ்டாண்டுத் தோழர்கள் ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஒட்டினார்கள். தமிழ்நாட்டில் 2008-இலேயே நலவாரியம், நாடு முழுமைக்கும் மூன்றாம் பாலினமாக ஏற்று 2014-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஆனாலும் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை என்று வந்தவர் சொன்னார். கூட்டம் முடிந்ததும் வீடு ஒன்று இருப்பதாகத் தகவல் சொன்ன அன்பர்களுக்கும் நன்றி.

ஒலிபெருக்கிக்காரர் பாதி வாடகைதான் வாங்கினார். டீக்கடை அண்ணன் சுக்கு காபிக்குக் காசே வாங்கவில்லை, கேட்டால் கோபித்துக்கொள்கிறார்.

வரவு செலவுக் கணக்கை நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம், யாரும் பார்க்கலாம். மீதமிருந்த பணத்தில் அரசியலமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பிரதிகள் வாங்கி நூலகத்தில் சேர்த்துவிட்டோம். மழைக்காலத்துக்கு முன் அடுத்த தொடரைத் தொடங்க எண்ணம். தலைப்பு சொல்ல விரும்புகிறவர்கள் பெயர் போடாமலேயே அந்தப் பிளாஸ்டிக் டப்பாவில் சீட்டுப் போடலாம், நூலகர் மேசையில்தான் இருக்கிறது.

இன்னொன்று. கடைசிக் கூட்டத்தில் மேசைமேல் பார்வைக்கு வைத்திருந்த அம்பேத்கர் நூல் தொகுப்பில் ஒரு தொகுதியைக் காணவில்லை. எடுத்துப் போனவர் நிதானமாகப் படித்து முடித்துவிட்டுக் கொண்டுவந்து கொடுக்கவும். அபராதம் கேட்கப்போவதில்லை என்று நூலகர் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
ஒருங்கிணைப்பாளர்,
வாசகர் வட்டம்