'ஆவணப்படி துல்லியமான நிறங்கள்': எம்டன் கப்பல் பெயின்ட் தொகுப்பு பற்றி ஒரு புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர் (பெயரும் கைபேசி எண்ணும் ஆர்டர் பதிவில் உள்ளபடி),
காட்பாடி, வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: 'எம்டன் 1914' மாடல் பெயின்ட் தொகுப்பில் உள்ள தவறான நிறங்கள், தவறான விளக்கத்தாள், ஒரே எண்ணில் இரண்டு விதமான பெயின்ட் அனுப்பியது தொடர்பாக.

ஐயா,

முதல் உலகப்போரின் ஜெர்மன் போர்க்கப்பலான எம்டனின் சிறு மாடலுக்கு அடிக்க, உங்கள் நிறுவனத்தின் 'எம்டன் 1914' பெயின்ட் தொகுப்பை ஆன்லைனில் 2,450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஆறு பாட்டில்கள், கூடவே ஒரு விளக்கத்தாள். அட்டைப்பெட்டியின் முகப்பில், கப்பலின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் 'ஆவணப்படி துல்லியமான நிறங்கள்' என்று போட்டிருக்கிறீர்கள். இந்தப் புகார் முழுக்க அந்த மூன்று சொற்களைப் பற்றியதுதான்.

பாட்டில் உடையவில்லை, மூடி கசியவில்லை, கூரியர்காரர் மேலும் குறையில்லை. ஏர்பிரஷ் முனையில் பெயின்ட் காய்ந்து அடைத்துக்கொள்கிறது என்றும் சொல்லப்போவதில்லை. கத்திரி வெயிலில் வேலூரில் எந்தப் பெயின்டும் அதைத்தான் செய்யும். எங்கள் ஊர் வெயிலை உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஃபினிஷிங் பிரிவில் ஷேடு பார்க்கிறவன். பையர் கொடுத்த ஸ்வாட்ச், அதாவது நிற மாதிரித் துண்டு, ஒரு கையிலும் ஸ்ப்ரே முடிந்து வந்த தோல் மறு கையிலுமாக நாள் முழுக்க நிற்பதுதான் என் பிழைப்பு. கப்பல் மாடல் எல்லாம் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகுதான். இதை நானாகச் சொல்லியிருக்க மாட்டேன். உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசிய தம்பி, "சார், உங்க கண்ணுக்கு மட்டும் அப்படித் தெரியுதோ என்னவோ" என்று சொன்னதால் சொல்லவேண்டி வந்தது.

முதலில் விளக்கத்தாளை எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் பக்கத்தில் மூன்றாம் எண் பாட்டிலுக்கு நேராக, 'போர்க்காலச் சாம்பல், ரால் 7001, 1914-ம் ஆண்டு ஜெர்மன் கடற்படை விதிப்படி' என்று இருக்கிறது. ரால் என்ற ஜெர்மன் நிற அட்டவணை முதன்முதலில் வெளிவந்ததே 1927-ல்தான், வெறும் 40 நிறங்களோடு. எம்டனோ 1914 நவம்பர் 9-ம் தேதி கோகோஸ் தீவுகளில், ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் அடிவாங்கிப் பவளத்திட்டில் ஏறி நின்றுவிட்டது. கப்பலின் கதை முடிந்து பதின்மூன்று வருடம் கழித்து வந்த அட்டவணையின் எண் 1914-ம் ஆண்டு விதியில் எப்படி இருந்திருக்கும்? ரால் 7001 என்பது இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் கப்பல்களுக்கு மாடல் செய்கிறவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் வெளிர் சாம்பல். அந்தப் போரின் பிஸ்மார்க் கப்பலுக்குக் கலக்கிய பெயின்டில் மீந்ததற்கு எம்டன் லேபிள் ஒட்டிவிட்டீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இல்லையென்றால் எழுத்து மூலம் மறுக்கலாம், ஏற்றுக்கொள்கிறேன்.

முதல் பக்கம் இன்னும் மோசம். அது போருக்கு முந்தைய தோற்றத்துக்கான பக்கம். எம்டன் பணியில் சேர்ந்தது 1909 ஜூலை 10-ல். (வேலூர்க்காரன் கண்ணுக்கு அந்தத் தேதி தப்பாது. கோட்டைக்குள் 1806-ல் சிப்பாய்கள் எழுந்த நாள்.) அடுத்த வருடமே சீனக் கரையில் ஜெர்மனியின் கையில் இருந்த சிங்தாவுக்கு அதை அனுப்பினார்கள். வெளிநாட்டுப் பணியிலிருந்த ஜெர்மன் கப்பல்களுக்கு அன்றைக்கு வெள்ளை உடல், காவி கலந்த மஞ்சளில் மேல்கட்டு, அதே மஞ்சளில் புகைபோக்கிகள். எம்டனைக் கிழக்கின் அன்னம் என்று அழைத்தது அந்த வெள்ளையை வைத்துத்தான். உங்கள் தாளில் உடல் வெள்ளை, சரி. மூன்று புகைபோக்கிகளும் 'அடர் சாம்பல், பாட்டில் எண் 4' என்று இருக்கின்றன. ஆறு பாட்டிலில் மஞ்சள் என்று ஒன்றுகூட இல்லை. காரணமும் பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள்: 'அசல் புகைப்படத்தின் அடிப்படையில்'.

அந்தப் புகைப்படத்தையும் தாளிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள், நல்லது. அதில் புகைபோக்கிகள் கருமையாகத்தான் தெரிகின்றன. ஆனால் அந்தக் காலத்துப் புகைப்படத் தட்டு நிறங்களை நம் கண் பார்க்கிற மாதிரி பார்க்காது. நீலத்தை வெளுப்பாகக் காட்டும். சிவப்பைக் கிட்டத்தட்டக் கருப்பாகவே காட்டும். மஞ்சளும் காவியும் இருக்கிற அளவைவிட மங்கிக் கருத்துப் பதியும். பாட்டி காலத்துக் கல்யாணப் போட்டோவில் குங்குமப் பொட்டு மை வைத்த மாதிரி இருக்குமே, அதே சங்கதி. நீங்கள் அச்சிட்ட படத்திலேயே கப்பலின் பின்புறம் கொடி பறக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஜெர்மன் போர்க்கொடியின் மூலையில் கருப்பு, வெள்ளை, சிவப்பு என்று மூன்று பட்டைகள் இருக்கவேண்டும். படத்தில் மேல்பட்டைக்கும் கீழ்ப்பட்டைக்கும் வித்தியாசமே இல்லை, இரண்டும் கருப்பு. கொடியில் சிவப்பு கருப்பாகியிருக்கிறது என்று பார்த்தவன், புகைபோக்கி விஷயத்தில் அதே படத்தை நம்பியிருக்க மாட்டான். நிறம் தேடுகிறவன் கருப்பு வெள்ளைப் படத்தை எடுத்ததும் முதலில் கொடியைத்தான் பார்ப்பான்.

இனி என்னைப் பேனா எடுக்கவைத்த மூன்றாம் எண் பாட்டில்.

போர் வந்ததும் எம்டன் சாம்பலுக்கு மாறிவிட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது அந்தச் சாம்பல் எம்டன்தான். உயர் நீதிமன்ற மதில் பக்கம் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. நான் செய்வது அந்த இரவின் கப்பல். 118.3 மீட்டர் கப்பல், 350-ல் ஒரு பங்கு அளவில் 33.8 சென்டிமீட்டர். உடலின் வலப்பக்கம் அடித்து முடித்தபோது பாட்டில் தீர்ந்தது. தனியாக இன்னொரு பாட்டில் வாங்கி இடப்பக்கம் அடித்தேன். அதே எண், அதே லேபிள், அதே விலை. மறுநாள் காலை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் இரண்டு கப்பல்.

அவசரப்பட்டுப் புகார் செய்யக்கூடாது என்று தொழிலில் செய்கிற மாதிரியே செய்து பார்த்தேன். ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் அட்டையில் ஒரே ப்ரைமர் அடித்து, நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு பாதியில் பழைய பாட்டிலின் அடியில் சுரண்டி எடுத்தது, மறுபாதியில் புதியது. அடி நிறம் தெரியாத அளவுக்கு இரண்டையும் கனமாக அடித்துக் காயவிட்டு டேப்பை உரித்தேன். வீட்டுக்குள் டியூப்லைட்டின் கீழ் பார்த்தால் இரண்டும் ஒன்றேதான், கோடு எங்கே என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மொட்டை மாடிக்கு எடுத்துப் போனால் புதியது பச்சையடிக்கிறது. பழையது நீலம் தட்டிய சாம்பல், புதியது பாசி தட்டிய சாம்பல். நடுவில் கோடு ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நிற்கிறது. அந்தத் துண்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து உங்கள் ஏசி அறையில் வைத்துப் பார்க்காமல் வெளியே வந்து பாருங்கள்.

இதற்குப் பெயர் மெட்டாமெரிசம். ஒரு விளக்கில் ஒத்துப்போய் இன்னொன்றில் பிரிந்து நிற்பது. தோலில் இது தினசரித் தலைவலி, அதற்குத்தான் லைட் பாக்ஸில் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். பெயின்ட் கெட்டியாகவோ நீர்த்தோ போயிருந்தால் இரண்டு வெளிச்சத்திலும் வித்தியாசம் தெரியும். ஒன்றில் சேர்ந்து ஒன்றில் பிரிகிறது என்றால், உள்ளே போட்ட பிக்மென்ட்டையே, அதாவது நிறப்பொடியையே, மாற்றியிருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். மாற்றுவது உங்கள் உரிமை. எண்ணை மாற்றாமல் விற்றதுதான் குற்றம். எங்கள் தொழிலில் இப்படி ஒரு லாட் போனால் கப்பல் ஏறுவதற்கு முன்பே திரும்பி வரும்.

உங்கள் சேவை எண்ணைக் கூப்பிட்டேன். "ஸ்கிரீனுக்கு ஸ்கிரீன் கலர் மாறும் சார், அதான் கீழே டிஸ்க்ளைமர் போட்டிருக்கோமே" என்றார் அந்தத் தம்பி. நான் பார்ப்பது ஸ்கிரீனை இல்லை தம்பி, கையில் இருக்கிற பாட்டிலை என்றேன். "கிரேன்னா கிரேதானே சார். கொஞ்சம் ஒயிட், கொஞ்சம் புளூ விட்டு நீங்களே அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே." நானே கலந்துகொள்வதென்றால் 2,450 ரூபாய் எதற்கு? கருப்பும் வெள்ளையும் நீலமும் லாங் பஜாரிலேயே கிடைக்கும். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார்.

மின்னஞ்சலில் வந்த பதில் வேறு மாதிரி இருந்தது. புதிய தயாரிப்பு 'சேகரிப்பாளர் ஒருவரிடம் உள்ள அசல் பெயின்ட் துணுக்கை வைத்துத் திருத்தப்பட்டது' என்கிறீர்கள். அப்படியானால் முதல் கேள்வி, தாளில் ரால் 7001 ஏன் இன்னும் இருக்கிறது? அட்டவணை எண்ணும் துணுக்கும் ஒரே நேரத்தில் ஆதாரமாக இருக்க முடியாது. முன்னது உண்மை என்றால் திருத்தம் எதற்கு? பின்னது உண்மை என்றால் பழைய பாட்டிலை எந்த ஆவணப்படி விற்றீர்கள்?

இரண்டாவது, அந்தத் துணுக்கு. அக்காலக் கப்பல் பெயின்ட் ஆளிவிதை எண்ணெயில் அரைத்தது. அந்த எண்ணெய் வயதாக ஆக மஞ்சளிக்கும், பெட்டிக்குள் இருட்டில் கிடந்தால் இன்னும் அதிகமாக மஞ்சளிக்கும். நீலச் சாம்பலின் மேல் மஞ்சள் ஏறினால் கண்ணுக்குத் தெரிவது பச்சை. உங்கள் புதிய பாட்டில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மேலே சொல்லிவிட்டேன். நூறு வருடத்து எண்ணெய்க் கறையை மெஷினில் வைத்து அளந்து, எம்டனின் நிறம் என்று பாட்டிலில் அடைத்திருக்கிறீர்கள் என்பதே என் கணிப்பு. இந்த மஞ்சளில் ஒரு பகுதி நல்ல பகல் வெளிச்சத்தில் வைத்தால் மெல்ல வெளுக்கும். அந்தச் சேகரிப்பாளர் சம்மதித்தால் துணுக்கின் ஒரு ஓரத்தை மட்டும் சில வாரம் ஜன்னலில் வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். இந்த யோசனைக்குக் கட்டணம் இல்லை.

எம்டனின் போர்க்காலச் சாம்பலுக்கு வண்ணப்படம் கிடையாது என்பது எனக்கும் தெரியும். அமெரிக்கர்களைப் போல எல்லாரும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. இரண்டாம் உலகப்போரில் அவர்கள் வெள்ளைப் பெயின்டில் 5-டிஎம் என்ற ஊதா நீலப் பேஸ்ட்டை இன்ன அளவு விட்டால் ஹேஸ் கிரே, இன்ன அளவு விட்டால் நேவி புளூ என்று கலவைக் கணக்கே கொடுத்திருந்தார்கள். 1945-ல் நீலம் இல்லாத சாம்பலுக்கு மாறியதும் பதிவாகியிருக்கிறது. ஜப்பானியர்களுக்குக் கூரே, சசேபோ, மைசூரு என்று தளத்துக்குத் தளம் ஒரு சாம்பல். (இந்த மைசூரு ஜப்பானில் இருப்பது.) எம்டனுக்கு இருப்பதை வைத்து ஊகிக்கத்தான் முடியும். நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்திக்கொண்டு, யார்மவுத் என்ற பிரிட்டிஷ் கப்பலைப் போல வேஷம் போட்டு, 1914 அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்த கப்பல் அது. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குப் பிரிட்டிஷ் சாம்பல் என்று தோன்றியிருந்தால்தான் அந்த வேஷம் பலித்திருக்கும். இந்த மாதிரி நாலு காரணம் எழுதி, 'இது எங்கள் கணிப்பு' என்று பெட்டியில் போட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ஊகத்தை விற்பதில் தப்பில்லை. ஆவணம் என்று சொல்லி விற்காதீர்கள்.

எனவே தொகுப்பின் விலையையும் தனியாக வாங்கிய பாட்டிலின் விலையையும் திருப்பித் தரவேண்டும். மாற்றுப் பாட்டில் வேண்டாம். மூன்றாம் எண்ணில் பிக்மென்ட் எப்போது மாறியது, எந்த பேட்ச் எண்ணிலிருந்து மாறியது என்று எழுத்தில் தெரிவிக்கவேண்டும், என்னைப் போல இன்னும் எத்தனை பேர் பாதிக் கப்பலோடு உட்கார்ந்திருக்கிறார்களோ. புகைபோக்கி நிறத்தையும் ரால் எண்ணையும் திருத்தி, பழைய தாள் வாங்கியவர்களுக்கும் அனுப்பவேண்டும். ஆதாரம் காட்டமுடியாத வரையில் 'ஆவணப்படி துல்லியமான' என்ற வாசகம் பெட்டியில் இருக்கக்கூடாது.

இன்னொன்று. உங்கள் அடுத்த வெளியீடான 'ஐ.என்.எஸ். டெல்லி' தொகுப்புக்கு முன்பணம் கட்டியிருக்கிறேன். அந்தக் கப்பல் 1939 டிசம்பர் 13-ல் பிளேட் நதிச் சண்டையில் அக்கிலீஸ் என்ற பெயரில் நின்றது, 1948-ல் நம்மிடம் வந்து 1978 வரை ஓடியது. நீங்கள் கொடுக்கப்போகும் சாம்பல் எந்த வருடத்துச் சாம்பல், எதைப் பார்த்துக் கலக்கியது என்று சொன்ன பிறகு அந்தப் பணம் உங்களிடம் இருக்கட்டும். அதுவரை என் முன்பதிவை ரத்து செய்து பணத்தை அனுப்பிவிடுங்கள். அதில் வேலை பார்த்தவர்கள் இன்னும் நாட்டில் இருக்கிறார்கள். புகைப்படத்தை வைத்து அவர்களிடம் கதை விடமுடியாது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு போடலாம், 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதற்குக் கட்டணமும் கிடையாது. தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்ற பிரிவில் உங்கள் அட்டைப்பெட்டியையே ஆவணமாகக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர், காட்பாடி.

இணைப்பு: இரு பாதியாகப் பெயின்ட் அடித்த சோதனைத் துண்டு, இரண்டு பாட்டில்களின் லேபிள் படங்கள், ரசீது நகல்கள், கொடியைச் சுற்றி வட்டமிட்ட உங்கள் விளக்கத்தாள்.