பாலத்தடியில் உதவிய பெரியவருக்கு நன்றி

போன ஞாயிறு விடியற்காலையில், பழைய கடல்பாலத்துக்குக் கீழே என் டிரைபாட் பக்கத்தில் வந்து நின்ற பெரியவருக்கு இந்த நன்றி. பதற்றத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள்.

லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டு, 1/30 நொடி போதுமான இடத்தில் ஏறக்குறைய 34 நொடி ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன், ஆனால் ஒவ்வொரு படத்திலும் வெளுத்த கறை, தூண்களும் மங்கல். லென்ஸைத்தான் சந்தேகப்பட்டேன். நீங்கள் பார்த்த உடனே, “கண்ணு வச்சுப் பாக்குற வியூஃபைண்டர் வழியா வெளிச்சம் உள்ளே போகுது, அதை மூடுப்பா” என்றீர்கள். அப்புறம் டிரைபாட் கால்களை ஈரமணலில் ஆழமாக ஊன்றச் சொல்லி, லென்ஸில் இருந்த, கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசேஷனையும் அணைக்க வைத்தீர்கள்.

அடுத்த படத்திலேயே அலையெல்லாம் பனிமூட்டம் போலக் கரைந்து, துருப்பிடித்த தூண்கள் மட்டும் கன்னங்கரேலென்று, ஒட்டியிருந்த சிப்பிகளின் சொரசொரப்போடு எழுந்து நின்றன. கலரில் எடுத்திருந்தால் துருவின் செம்மைதான் கண்ணை இழுத்திருக்கும். கறுப்பு வெள்ளையில்தான் அந்தப் பாலத்தின் வயது தெரிகிறது.

பெரிதாக இரண்டு பிரிண்ட் போட்டேன். ஒன்று உங்களுக்கு. இனி அங்கே போகும்போதெல்லாம் அதைக் கையோடு எடுத்துப்போகிறேன் ஐயா.