நம் சிறைப் பணியாளர் சங்கத்தின் ஆண்டறிக்கை, சேலம், 2024–25

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை நடந்ததைச் சொல்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததால் அந்த மாதக் கூட்டத்தை மட்டும் தள்ளி வைத்தோம். மலையிலிருந்து வரும் உறுப்பினர்கள் இல்லாமல் கூட்டம் நடத்த மனம் வரவில்லை. இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்திவிட்டுத்தான் கூட்டத்தைத் தொடங்கினோம். அவர்கள் குடும்பங்கள் இங்கே முன்வரிசையில் இருக்கின்றன.

சரி, இந்த ஆண்டின் பெரிய வேலைக்கு வருகிறேன். சம்பளச் சீட்டு வாசிப்பு என்று நாமே பெயர் வைத்துக்கொண்டோமே, அதுதான்.

அது தொடங்கியது ஒரு கேள்வியால். அஸ்தம்பட்டி பக்கம் குடியிருக்கும் ஓர் இளம் சிறைக் காவலரின் மனைவி, இடுப்பில் குழந்தையோடு வந்து, கைப்பேசியில் அரசு ஊழியர் சம்பளச் சீட்டைக் காட்டும் களஞ்சியம் செயலியைத் திறந்து என் கையில் கொடுத்தார். “ஐயா, கல்யாணத்தப்போ சம்பளம் முப்பதாயிரம்னு சொன்னாங்க. கைக்கு ஏன் இவ்வளவுதான் வருது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் சண்டை இல்லை. கடன் தவணைக்கும் வாடகைக்கும் நடுவில் நிற்கிற ஒரு பெண்ணின் நியாயமான கேள்வி அது. பக்கத்தில் இருந்த நம் ஆட்கள் நாலு பேருக்கும் சீட்டில் உள்ள எல்லா வரிக்கும் பதில் தெரியவில்லை. முப்பது வருடம் அந்தச் சீட்டை வாங்கியவர்கள் நாம்!

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இரண்டாம் நிலை சிறைக் காவலரின் சம்பள விகிதம் 18,200 முதல் 67,100 வரை. முந்தைய 5,200–20,200 விகிதத்தில் 1,900 தர ஊதியம் இருந்ததே, 5,200உம் 1,900உம் சேர்ந்த தொடக்கத் தொகையான 7,100 ரூபாயை 2.57ஆல் பெருக்கினால் இந்த 18,200க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 2017 அக்டோபரில் கைக்கு வந்த ஊதிய மாற்றம் அது. அறிக்கை ஆண்டின் தொடக்கத்தில் அகவிலைப்படி 50 விழுக்காடு. 2024 ஜூலை முதல் 53. ஆகப் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு அடிப்படை 18,200, அகவிலைப்படி 9,646, இரண்டும் சேர்ந்து 27,846 ரூபாய். வீட்டு வாடகைப்படியும் மற்றப் படிகளும் இதற்கு மேல். 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர் என்பதால் இந்த 27,846இல் பத்தில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 2,785 ரூபாய், பங்களிப்பு ஓய்வூதியத்துக்குப் போகும். மருத்துவக் காப்பீட்டுக்கு 300. குடும்பப் பாதுகாப்பு நிதி தனி. கூட்டுறவுச் சங்கக் கடன் இருந்தால் அதுவும். இதெல்லாம் போக மிச்சம்தான் வீட்டுக்கு வருகிறது.

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குழந்தையின் பால் பவுடர் டப்பாவின் ஓரத்தில் பேனாவால் 2,785 என்று எழுதிக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்டேன். “இது எங்கேயும் காணாமப் போகலைன்னு அவர்கிட்ட சொல்றதுக்கு” என்றார். வீட்டில் கணவன் மனைவிக்குள் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் அரைமணி நேரம் சீட்டு வாசிப்புக்கு என்று ஒதுக்கினோம். மனைவிமார்கள்தான் அதிகம் வந்தார்கள். நல்லது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இதே 18,200 தான் இரண்டாம் நிலை போலீஸ்காரருக்கும். ஒரே சீருடைப் பணியாளர் தேர்வு, ஒரே பத்தாம் வகுப்புத் தகுதி. எழுத்துத் தேர்வு எழுதி, 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடி, கயிறு ஏறி வந்த பையனைத்தான் ஒரு பக்கம் காவல் நிலையத்துக்கும் இன்னொரு பக்கம் சிறைக்கும் அனுப்புகிறார்கள். வேலை மட்டும் ஒன்றல்ல. நம் பையன் காலையில் கைதிகள் இருக்கும் பிளாக்கைத் திறந்து தலை எண்ணுகிறான், மாலையில் பூட்டித் தலை எண்ணுகிறான். நடுவில் மனுப் போட்டுக் கைதியைப் பார்க்க வரும் குடும்பங்களின் அழுகை, டவர் பாரா, இரவு பாரா என்று காவல் முறைகள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அவன் வேலைக்கே ஆபத்து. ஊரில் யாரும் அவனுக்குச் சல்யூட் அடிப்பதில்லை, அவன் செய்வதை யாரும் பார்ப்பதும் இல்லை. எங்கள் காலத்தில் பத்தாவதோடு வந்தோம். இப்போது பட்டம் வாங்கியவர்கள், பொறியியல் படித்தவர்கள் என்று சாதாரணமாக வருகிறார்கள். படிப்புக்கேற்ற வேலை இல்லை என்ற வருத்தம் அவர்கள் முகத்தில் தெரிகிறது. அந்த வருத்தத்தைச் சீனியர்கள் திமிர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து வயதுக் கணக்கு. இதை யாரும் பேசுவதில்லை, ஆனால் வரப்போகும் பத்து வருடத்துக்கு இதுதான் முக்கியம். தேர்வு வாரிய அறிவிப்புகளைத் தேடி எடுத்துப் பார்த்தோம். சிறைக் காவலர் இடங்கள் 2017இல் 1,016. 2017–18இல் 365. 2019இல் 208. 2020இல் 119. 2022இல் 161. 2023இல் 86. அதற்குப் பிறகு இந்த அறிக்கை எழுதும்வரை அறிவிப்பு வரவில்லை. இந்த ஆறு அறிவிப்புகளையும் கூட்டினால் 1,955. அதில் பாதிக்கு மேல் 2017இன் அந்த ஒரே அறிவிப்பு! பந்தியில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்த மாதிரி. அவர்களுக்குக் கல்யாணமும் குழந்தையும் வீட்டுக் கடனும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வருகின்றன. விடுப்புக் கேட்பதும் ஒரே காலம். பத்தாண்டுச் சேவை முடிந்து அடுத்த நிலை எப்போது என்று கேட்கப்போவதும் ஒரே காலம். இன்னொரு பக்கம், ஓய்வு வயது 58இலிருந்து 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்ந்ததால் மூத்தவர்கள் கூடுதலாக இரண்டு வருடம் இருந்தார்கள். மேலே வயதானவர்கள், கீழே ஒரு பெரும் இளைஞர் கூட்டம், நடுவில் மெலிவு. ஆட்சேர்ப்பு சிறுகச் சிறுக, ஆண்டுதோறும் நடந்தால் இந்த ஏற்ற இறக்கம் வராது. நம் முதல் கோரிக்கை இதுதான்.

2016ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு ஆறு சிறைவாசிக்கு ஒரு காவலர் என்கிறது. கேட்பதற்குத் தாராளமாக இருக்கிறது. ஆனால் அந்த ஒருவர் மூன்று பாராவுக்கும் பகிர்ந்து நிற்க வேண்டும். விடுப்பு, நோய், நீதிமன்றம், மருத்துவமனைக் காவல் எல்லாம் கழித்த பின் ஒரு நேரத்தில் பதினெட்டுப் பேருக்கு ஒருவர்கூட மிஞ்ச மாட்டார். இந்த ஏப்ரலில் வந்த இந்திய நீதி அறிக்கையில் சிறைப் பிரிவில் தமிழ்நாடு முதலிடம் பெற்றிருக்கிறது. அந்தப் பெருமையில் நம் காவலர்களின் தூக்கம் கெட்ட இரவுகளுக்கும் பங்கு உண்டு.

பெண் காவலர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 2022 அறிவிப்பில் 161 இடத்தில் பெண்களுக்கு 8. 2023இல் 86 இடத்தில் வெறும் 3. மூன்று! பெண் சிறைவாசிகள் இருக்கும் இடத்தில் பெண் காவலர்தான் நிற்க வேண்டும், ஆண் காவலரை மாற்றாக அனுப்ப முடியாது. ஆகவே ஒரு பெண் காவலர் மகப்பேறு விடுப்பில் ஓராண்டு போனால் அவருடைய பாராவை இன்னொரு பெண்ணேதான் தாங்க வேண்டும். அதனால் கர்ப்பமாக இருக்கும் பெண் விடுப்புக் கேட்கவே கூச்சப்படுகிறார். தோழிக்குச் சுமை ஏறுமே என்று. இது யார் தவறும் அல்ல, எண்ணிக்கை போதவில்லை, அவ்வளவுதான். மகப்பேறு விடுப்புக் காலத்தைத் தகுதிகாண் பருவத்திலும் சேர்த்துக்கொள்வோம் என்று ஏப்ரல் 28 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தது நம் பெண்களுக்குப் பெரிய நிம்மதி. அதே நாளில் அகவிலைப்படி 2025 ஜனவரி முதல் 55 விழுக்காடு என்றும், ஈட்டிய விடுப்பு சரண், அதாவது எடுக்காத விடுப்பைக் காசாக்குவது, அக்டோபர் முதல் மீண்டும் உண்டு என்றும் அறிவித்தார்கள்.

ஏற்காடு மலையில் மாரமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை, மலையாளி பழங்குடி வகுப்பு, ஜனவரியில் நம்மைத் தேடி வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, முதல் பேருந்தில் அப்பாவோடு வந்திருந்தாள். உயரம் பழங்குடிப் பெண்களுக்கு 157 சென்டிமீட்டர் போதும் என்பதே அவளுக்குத் தெரியாது. பொதுப் பிரிவுக்கான 159ஐ யாரோ சொல்லி, இரண்டு வருடமாக விண்ணப்பிக்காமல் இருந்துவிட்டாள். நம் தலைவர் வீட்டுச் சுவரில் நிறுத்தி அளந்தோம். 158. அப்பா சுவரில் போட்ட அந்தப் பென்சில் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வயது வரம்பும் அவளுக்கு 31 வரை உண்டு. இப்போது வாரம் ஒருநாள் இறங்கி வந்து 400 மீட்டர் ஓடிப் பழகுகிறாள். இரண்டரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும். மலையில் விறகு சுமந்து ஏறிய கால்கள், அது அவளுக்குப் பெரிய விஷயமில்லை. எழுத்துத் தேர்வுதான் பயம், முக்கியமாகத் தமிழ்த் தகுதித் தேர்வில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சொல்லிக்கொடுக்க முன்வந்திருக்கிறார்.

ஓய்வூதியத்தில் நமக்குள்ளேயே ஒரு கோடு கிழிந்து கிடக்கிறது. 2003 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்தவருக்கு மாத ஓய்வூதியம். ஒருநாள் தள்ளிச் சேர்ந்தவருக்கு, இந்த அறிக்கை எழுதும்வரை, கையில் ஒரு மொத்தத் தொகைதான். ஒரே கேட்டில் ஒன்றாக நின்ற இருவர். 2025 தொடக்கத்தில் ககன்தீப் சிங் பேடி தலைமையில் அரசு குழு அமைத்து ஒன்பது மாதம் அவகாசம் கொடுத்தது. நம் மனுவை அனுப்பிவிட்டோம். ஒரு விதவைத் தாயின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு, பிறந்த தேதியில் ஓர் எண் மாறியதால், ஓர் அலுவலகத்தில் ஏழு மாதம் கிடந்தது. நம் துணைச் செயலாளர் பத்து முறை நடந்து முடித்துக் கொடுத்தார். அவருக்கு நன்றி.

பிப்ரவரி 11 பற்றிச் சிலர் கேட்டார்கள். 1862இல் எழுந்த நம் மத்திய சிறையில், 1950ஆம் ஆண்டு அதே நாளில், 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்த ஆண்டு 75 ஆண்டுகள் நிறைந்தன. சிறைப் பணியாளர் சங்கம் எதற்கு அந்த நாளை நினைக்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் கேட்டது நியாயமே. நான் சொன்ன பதில் இதுதான். அந்த மதிலுக்குள் வேலை செய்தவர்கள் நாம். அங்கே நடந்தது நம் வரலாறும்கூட. அன்று மாலை இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, பெண் சிறைக் காவலர் இடங்களை உயர்த்தவும் ஆண்டுதோறும் தேர்வு நடத்தவும் துறைத் தலைமைக்கு மனு. இரண்டு, சீட்டு வாசிப்பை ஆத்தூர், மேட்டூர் சிறைப் பணியாளர் குடும்பங்களுக்கும் கொண்டுபோவது. கை உயர்த்திச் சொல்லுங்கள். அதன்பின் பொருளாளர் வரவு செலவு வாசிப்பார்.

செயலாளர்
சேலம், மே 2025