கடைசியாக எப்போது வந்தது என்று கேளுங்கள்

ஓட்டுநர் உரிம விதிகளை வகுக்கும் பொறுப்பில் இருப்போருக்கு,

வணக்கம்.

வலிப்பு நோய் உள்ளவர்கள் வண்டி ஓட்டலாமா என்று கேட்டால் உங்களில் பலர் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறீர்கள்: கூடாது. பள்ளி நாள்களிலிருந்து வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டு வருபவள் நான். உங்கள் பயம் எனக்கும் தெரிந்த பயம்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். ஓட்டுபவருக்கு அரை நிமிடம் நினைவு தப்பினால் அந்தக் கார் அரை கிலோமீட்டர் தூரம் ஆளில்லாமல் போகிறது. பெரிய வலிப்பு அடங்க ஒன்றிரண்டு நிமிடமாவது ஆகும்.

2011 ஏப்ரலில் ஜப்பானின் கனுமா நகரில் கிரேன் வண்டி ஓட்டிவந்தவருக்கு வலிப்பு வந்தது. பள்ளிக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஆறு குழந்தைகள் இறந்தார்கள். அவர் மாத்திரை போட்டிருக்கவில்லை. நோயைச் சொல்லாமல் உரிமம் வைத்திருந்தார். அந்தப் பெற்றோரை மனதில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வலிப்பு அடங்காதவர் ஓட்டக் கூடாது. அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை.

ஆனால் வலிப்பு நோய் உள்ள எல்லோரும் வலிப்பு அடங்காதவர்களா? உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்றும் அதே நிறுவனம்தான் சொல்கிறது. சிலருக்குத் தூக்கத்தில் மட்டுமே வரும். சிலருக்குக் கை மட்டும் துடிக்கும், நினைவு தப்பாது. சிலருக்குப் பல ஆண்டுகளுக்கு முன் வந்ததோடு சரி. மருத்துவரின் கண்ணுக்கு இவர்கள் வேறுவேறு மனிதர்கள். உங்கள் படிவம்தான் இவர்களை ஒரே ஆளாக்கிவிடுகிறது.

இந்தியாவில் உரிமம் கேட்பவர் நிரப்பும் படிவம் 1-ஐப் பாருங்கள். வலிப்போ, திடீரென நினைவு தப்புவதோ, தலைச்சுற்றலோ உண்டா என்று கேட்கிறது. ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். கடைசியாக எப்போது வந்தது, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்ற கேள்வியே கிடையாது. ‘ஆம்’ என்று உண்மையைச் சொன்னவருக்கு அடுத்த படி எதுவும் இல்லை. ‘இல்லை’ என்று எழுதியவர் உரிமத்தோடு வெளியே வருகிறார். பத்து ஆண்டுகளாக வலிப்பே வராதவரும் போன வாரம் விழுந்து எழுந்தவரும் அந்தக் கட்டத்தில் ஒரே பொய்யைத்தான் எழுதுகிறார்கள். அவர்களில் யார் ஆபத்தானவர் என்று கண்டுபிடிக்கும் வழியை அந்த விதி தானே அடைத்துவிடுகிறது.

பொய் படிவத்தோடு நிற்பதும் இல்லை. எங்களைப் போன்றவர்கள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “ஃபிட்ஸ் வந்ததை டாக்டர்கிட்ட சொல்லிடாதே, லைசென்ஸ் போயிடும்.” மருத்துவரிடம் சொல்லாவிட்டால் மருந்தின் அளவு மாறாது. மருந்து மாறாவிட்டால் அடுத்த வலிப்பு வரும். அது எங்கே வரும் என்று யாருக்குத் தெரியும்? சாலையைக் காப்பாற்றப் போட்ட தடை, வலிப்பு அடங்காத ஒருவரைச் சிகிச்சையிலிருந்து விலக்கி வண்டியில் உட்கார வைக்கிறது. என்னை இந்த மடல் எழுத வைத்ததே இதுதான்.

மருத்துவரே அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று சட்டம் போட்டால் தீராதா என்பீர்கள். கலிஃபோர்னியா உட்படச் சில அமெரிக்க மாநிலங்களிலும் கனடாவின் பல மாகாணங்களிலும் அப்படித்தான். கனடாவில், மருத்துவர் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்டாரியோவையும் அந்தக் கட்டாயம் இல்லாத ஆல்பர்ட்டாவையும் ஒப்பிட்டு 2007-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கட்டாயத்தால் விபத்து குறைந்ததாக அதில் தெரியவில்லை. எனக்கு இது வியப்பாக இல்லை. தன்னைக் காட்டிக்கொடுக்கக் கடமைப்பட்டவரிடம் யார் மனம் திறந்து பேசுவார்?

ஜப்பானிலும் ஒரு காலத்தில் வலிப்பு என்றாலே உரிமம் இல்லை. 2002-லிருந்து, இரண்டு ஆண்டுகள் வலிப்பு வராதிருந்தால் ஓட்டலாம் என்று மாற்றினார்கள். கனுமா விபத்துக்குப் பிறகு நாடே கொதித்தது. அப்போதும் அவர்கள் பழைய முழுத் தடைக்குத் திரும்பவில்லை. நோயை மறைத்துப் பொய் எழுதினால் தண்டனை என்று சட்டத்தை இறுக்கினார்கள். உண்மை சொன்னால் ஒரு வழி திறந்திருக்கிறது என்ற நாட்டில், பொய்க்குத் தண்டனை கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

பிரிட்டனில் கார் ஓட்டப் பொதுவாக 12 மாதம் வலிப்பு இல்லாமல் இருக்க வேண்டும். தூக்கத்தில் மட்டும் வருபவர்களுக்கும் நினைவு தப்பாதவர்களுக்கும் தனி விதி. அடுத்த ஓராண்டில் வலிப்பு வரும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது கார் ஓட்டுபவருக்கு அவர்கள் வைத்திருக்கும் அளவு. பேருந்துக்கும் லாரிக்கும் அதுவே 2 சதவீதம். மாத்திரையே இல்லாமல் பத்து ஆண்டுகள் வலிப்பின்றி இருந்திருக்க வேண்டும். நாற்பது பேர் ஏறும் வண்டிக்கு இந்தக் கண்டிப்பு வேண்டும் என்றே நானும் சொல்வேன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 12 மாதக் காத்திருப்பை 3 மாதமாகக் குறைத்தது. வலிப்பால் நேரும் விபத்துகள் அதனால் குறிப்பிடும்படி கூடவில்லை என்று 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது. மூன்று மாதம் எனக்குக் குறைவாகத்தான் படுகிறது. ஓராண்டு என்றால் நிம்மதியாக இருப்பேன். ஆனால் அந்த எண்ணை நரம்பியல் மருத்துவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஏதோ ஓர் எண் இருக்கட்டும்.

எண் இருந்தால் நோயாளி மாறுவார். மாத்திரையை விட்டாலோ, இரவெல்லாம் கண் விழித்தாலோ, குடித்தாலோ வலிப்பு திரும்பலாம் என்று எங்களுக்குத் தெரியும். ஒரு வேளை மாத்திரை தவறினால் ஓராண்டுக் காத்திருப்பு வீணாகும் என்று தெரிந்தவர் அதைத் தவறவிட மாட்டார். ஆயுள் முழுக்கத் தடை என்றால், அந்த வகையில் இழக்க அவரிடம் எதுவும் இல்லை. மருந்தை மாற்றும்போதும் நிறுத்தும்போதும் சில மாதம் ஓட்டாமல் இருக்கச் சொல்லும் விதியும் அதோடு சேரட்டும். அதை நாங்கள் மனமார ஏற்போம்.

காத்திருக்கும் காலத்தையும் நினைத்துப் பாருங்கள். ஓட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவருக்கு ஓராண்டு என்பது ஓராண்டுச் சம்பளம். ஓட்டாதே என்று சொல்லும் அரசு, வேலைக்குப் போக வேறு வழி காட்ட வேண்டும். உடல்நிலை காரணமாக உரிமம் மறுக்கப்பட்டவருக்கு இங்கிலாந்தில் இலவசப் பேருந்துச் சலுகை உண்டு. அந்தச் சலுகைக்கு ஆகும் செலவு, பிழைப்புக்காக ஒளிந்து ஓட்டும் ஒருவரால் நேரக்கூடிய விபத்தின் செலவைவிட நிச்சயம் குறைவு.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. படிவத்தில் ‘ஆம்’ என்பதற்குக் கீழே, கடைசியாக வலிப்பு வந்த தேதிக்கு ஓர் இடம் விடுங்கள். சிகிச்சை தரும் மருத்துவரின் சான்றை அதோடு கேளுங்கள். நீங்கள் வைத்த காலம் இன்னும் நிறைவேறவில்லை என்றால் மறுத்துவிடுங்கள். மீண்டும் எந்தத் தேதியில் விண்ணப்பிக்கலாம் என்பதை மட்டும் அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வலிப்பு நோயோடு வாழும் ஒருத்தி